சேலத்து செட்டோடு டொலேடோவுக்கு ஒரு நாள்

கூட வருகிறவன் ஜங்ஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பான், நாம் பெட்டி வாசலில் நின்று "வந்துருவான், வந்துருவான்" என்று சமாளிப்போம், அவனும் கடைசி நொடியில் ஓடிவந்து ஏறிவிடுவான். ஸ்பெயினில் மாட்ரிடிலிருந்து டொலேடோவுக்கு நண்பர்களோடு போவதென்றால் இந்தப் பழக்கத்தைச் சேலத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ரயிலின் பெயர் அவான்ட், ஸ்பெயின் அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபே நடத்துவது. சுமார் 35 நிமிடப் பயணம்தான், நாம் ஏற்காடு ஏறி முடிக்கவே அதைவிட அதிக நேரம் ஆகும். அன்ரிசர்வ்டு பெட்டியெல்லாம் கிடையாது, எல்லாமே நம்பர் போட்ட சீட்டு. அதனால் முதலில் பார்க்க வேண்டியது சாயங்காலம் திரும்பும் ரயிலைத்தான், அதில் எல்லோருக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் காலை ரயிலை முடிவு செய்யுங்கள். ஒரே ஆள் ஒரே தடவையில் எல்லோருக்கும் எடுப்பது நல்லது, காசை ராத்திரி பிரித்துக்கொள்ளலாம். இனிஷியல் போடாமல், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைக் கொடுங்கள்.

ரயில் கிளம்பும் மாட்ரிட் அடோச்சா நிலையத்தில் புறநகர் ரயில் ஒரு பக்கம், தூர ரயில் ஒரு பக்கம். டொலேடோ பக்கத்து ஊர்தானே என்று நாங்கள் புறநகர்ப் பக்கம் போய் நின்று, ஐந்து பேரும் பையோடு ஓடியதுதான் மிச்சம். தூர ரயில் பக்கம்தான் போக வேண்டும். பையை ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுவார்கள், அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

டொலேடோவில் இறங்கியதும் வெளியே ஓடாதீர்கள். 1919இல் திறந்த நிலையம் அது, செங்கல்லும் ஓடும் வண்ணக் கண்ணாடியுமாக, ஏதோ அரண்மனைக்குள் இறங்கியது போல இருக்கும்.

ஊர் குன்றின் மேல், மூன்று பக்கமும் தாகோ ஆறு. அல்கான்தரா பாலம் வழியாக நடந்தால் பழைய ஊரின் மையமான சொகொதொவெர் சதுக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். முட்டி வலிக்காரர்களுக்குப் பஸ் இருக்கிறது, வழியில் எஸ்கலேட்டரும் உண்டு. கல் பாவிய தெரு என்பதால் ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம்.

எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் மதியத்துக்குள் செட்டுக்குள் சண்டை வந்துவிடும். என்னைக் கேட்டால் இரண்டு போதும்: 1226இல் கட்டத் தொடங்கிய பேராலயம், அப்புறம் சாந்தோ தோமே தேவாலயத்தில் எல் கிரேக்கோ வரைந்த, கோமானை அடக்கம் செய்யும் ஓவியம். அந்த ஒரு ஓவியத்துக்காகவே அங்கே கூட்டம் நிற்கும்.

கடைக்குக் கடை வாள் தொங்கும், டொலேடோ எஃகு அவ்வளவு பிரபலம். உருக்காலை ஊர்க்காரனுக்குக் கை சும்மா இருக்காதுதான், ஆனால் வாங்காதீர்கள், திரும்பும் ரயிலுக்கும் பை சோதனை உண்டு, விமானத்தில் கைப்பையில் விடவே மாட்டார்கள். கறுத்த எஃகில் தங்க இழை பதித்த சின்ன நகைகள் இருக்கும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கைவேலையின் அருமை சொல்லாமலே புரியும்.

சைவக்காரர்கள் "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் பன்றி ஹாம் தூவி வந்துவிடலாம், "சின் ஹமோன்" (ஹாம் இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊருக்கு வாங்கிவர பாதாமும் சர்க்கரையும் அரைத்த மஸாபான் என்ற இனிப்பு இருக்கிறது.

ஏழரைக்கு ரயிலென்றால் ஆறரைக்கே சொகொதொவெரில் தலையை எண்ணிவிடுங்கள். மஸாபான் வாங்கப் போனவன் கண்டிப்பாகக் குறைவான்.