புரத உற்பத்தி படுத்துவிட்டதா? டிஆர்என்ஏவின் பங்கைப் பிடிப்பது எப்படி

வளர்ப்புச் செல்கள் மீது ஆர்சனைட் என்ற நச்சை ஊற்றினாலும் சரி, அமினோ அமிலம் இல்லாத ஊடகத்தில் பட்டினி போட்டாலும் சரி, புரத உற்பத்தி மளமளவென்று இறங்கிவிடும். இதில் டிஆர்என்ஏவுக்கு, அதாவது அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் சிறு ஆர்என்ஏவுக்கு, என்ன பங்கு என்று கேட்டால், பலரும் ஆர்என்ஏவை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் கீழே தெரியும் சின்னப் பட்டையைக் காட்டி, டிஆர்என்ஏ வெட்டுப்பட்டுத் தீர்ந்துபோனதால் புரதம் கட்டும் ரைபோசோம் நின்றுவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் தப்பு. வெட்டுப்படுவது ஒரு சிறு பங்குதான், முழு டிஆர்என்ஏவின் அளவு அசைவதே அரிது. வேலையைச் செய்வது குறைந்துபோனது அல்ல, புதிதாக வந்த துண்டு.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? முதலில் உற்பத்தி உண்மையிலேயே குறைந்ததா என்று பாருங்கள். மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பியூரோமைசின், 10 நிமிடம், அப்புறம் பியூரோமைசினுக்கான ஆன்டிபாடியோடு வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் முறை). பியூரோமைசினே அமினோ அமிலம் ஏறிய டிஆர்என்ஏவின் நுனியைப் போல வேஷம் போடும் மூலக்கூறு, அதனால்தான் வளர்ந்துகொண்டிருக்கும் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. புரத உற்பத்தியையே நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு போட்ட செல்களையும் பக்கத்தில் ஓட்டுங்கள்; அதிலும் சிக்னல் அப்படியே இருந்தால் ஆன்டிபாடி எதையோ பார்த்து ஏமாறுகிறது.

அடுத்து அதே பிளாட்டில் புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இஐஎஃப்2 ஆல்ஃபா புரதத்தின் 51ஆவது இடத்தில் உள்ள செரீன் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டினியில் அமினோ அமிலம் ஏறாத டிஆர்என்ஏ சேர்ந்துவிடும், ஜிசிஎன்2 என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) அதை உணர்ந்து இந்தப் பாஸ்பேட்டை ஏற்றும். பொதுவான உற்பத்தி குறையும், ஏடிஎஃப்4 மாதிரி சில புரதங்கள் மட்டும் கூடும். ஆனால் இதே பாஸ்பேட்டை ஏற்ற இன்னும் மூன்று கைனேஸ்கள் இருக்கின்றன, ஆர்சனைட் போட்டால் முன்னால் நிற்பது எச்ஆர்ஐதான். ஆகவே பாஸ்பேட்டை மட்டும் பார்த்து டிஆர்என்ஏ மீது பழி போடாதீர்கள்.

டிஆர்என்ஏவில் அமினோ அமில ஏற்றம் குறைந்ததை நேரடியாகக் காட்ட அமில ஜெல் வேண்டும். அமினோ அமிலத்தை டிஆர்என்ஏவின் சிசிஏ என்று முடியும் நுனியோடு பிடித்திருக்கும் எஸ்டர் பிணைப்பு காரத்தில் கழன்றுவிடும், அதனால் ஆர்என்ஏவை எடுப்பதிலிருந்து ஜெல் ஓட்டுவதுவரை எல்லாமே பிஹெச் 5 பக்கத்தில், குளிரில் நடக்க வேண்டும். நான் ஒருமுறை மாதிரிகளைப் பழக்கதோஷத்தில் சாதாரண டிரிஸ் பஃபரில் கரைத்து வைத்துவிட்டு, கட்டுப்பாட்டுச் செல்களில்கூட எல்லா டிஆர்என்ஏவும் காலியாகக் கிடக்கிறதே என்று இரண்டு நாள் குழம்பியிருக்கிறேன். ஒரு பங்கு மாதிரியை வேண்டுமென்றே பிஹெச் 9இல் 37 டிகிரியில் வைத்துக் கழற்றி, பக்கத்துக் குழியில் ஓட்டுங்கள். ஏறியது சற்று மேலே நிற்கும், காலியானது கீழே இறங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எது எது என்று சொல்லவே முடியாது.

இப்போது துண்டுகள். ஆஞ்சியோஜெனின் என்ற நொதி, எம்ஆர்என்ஏவின் (புரதத்தின் செய்முறையைச் சுமக்கும் ஆர்என்ஏ) குறியீட்டைப் படிக்கும் ஆன்டிகோடான் வளையத்தில் வெட்டும், சுமார் 76 நியூக்ளியோடைடு நீளமுள்ள டிஆர்என்ஏ முப்பதிலிருந்து நாற்பது நீளமுள்ள இரண்டு பாதிகளாகும். 15 சதவீத பாலிஅக்ரிலமைடு யூரியா ஜெல், நார்தர்ன் பிளாட் (ஆர்என்ஏவை அதோடு பொருந்தும் துண்டான புரோப்பால் தேடும் முறை), 5' பாதிக்கு, அதாவது தொடக்கப் பாதிக்கு, ஒரு புரோப், 3' பாதிக்கு, அதாவது கடைசிப் பாதிக்கு, தனியாக ஒன்று. ஒரே புரோப்பில் முழு டிஆர்என்ஏவும் துண்டும் சேர்ந்தே தெரியும், அதுதான் நார்தர்னின் அழகு. சீக்வென்சிங்குக்கு நேராக ஓடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்: வெட்டிய இடத்தில் 5' பாதியின் முனையில் வளையப் பாஸ்பேட் இருக்கும், 3' பாதியின் தொடக்கத்தில் பாஸ்பேட்டே இருக்காது, சீக்வென்சிங்குக்காக முனைகளில் ஒட்டும் அடாப்டர் துண்டு இரண்டிலும் ஒட்டாது. முதலில் டி4 பிஎன்கே நொதியால் முனைகளைச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் "எங்கள் செல்களில் துண்டே இல்லை" என்று முடிவு கட்டுவதில் அர்த்தமில்லை.

ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி ஆக்சிஜனேற்ற நெருக்கடி என்றால் வெட்டோடு நின்றுவிடாதீர்கள். ஈஸ்ட்டில் டிஆர்எம்4 நொதி ஒரு லியூசின் டிஆர்என்ஏவின் ஆன்டிகோடானில் மெத்தில் குழுவைக் கூட்டுகிறது, யூயூஜி கோடான் (மூன்றெழுத்துக் குறியீடு) நிறைந்த எம்ஆர்என்ஏக்களிலிருந்து புரதம் கூடுகிறது. இதைப் பார்க்க மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வேண்டும், ஜெல் உதவாது.

கடைசியாக, துண்டு இருப்பதும் துண்டு தடுப்பதும் ஒன்றல்ல. அலனின் டிஆர்என்ஏவின் 5' பாதியைச் செயற்கையாகச் செய்து, 5' முனையில் பாஸ்பேட்டோடு செல்லுக்குள் செலுத்திப் பாருங்கள். அதன் தொடக்கத்தில் வரிசையாக நிற்கும் நான்கைந்து ஜிக்கள்தான் (குவானின் எழுத்துகள்) எம்ஆர்என்ஏவின் தொடக்க முனையில் உள்ள தொப்பியிலிருந்து (கேப்) புரத உற்பத்தியைத் தொடங்கும் காரணிகளைத் தள்ளிவிட உதவுகின்றன. அதனால் அந்த ஜிக்களை மாற்றிய ஒரு துண்டையும் 3' பாதியையும் கூடவே செலுத்துங்கள், ஏனென்றால் வெளியிலிருந்து ஆர்என்ஏவைத் திணிப்பதே செல்லுக்கு ஒரு தொந்தரவு. மூன்றிலும் பியூரோமைசின் சிக்னல் ஒரே அளவில் இறங்கினால் நீங்கள் பார்ப்பது அந்தத் தொந்தரவைத்தான்.