மழை ஒன்று பார்க்கும் வரை பெயின்ட் வாளியைத் திறக்காதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவே இருக்கிற ஒரு லேனில், மூன்றாம் மாடியில், பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கிக் குடிபோனோம். மார்ச் மாதக் கடைசி. பால் காய்ச்சி நாலு நாள்கூட ஆகவில்லை, நான் பெயின்ட் கடையில் நிற அட்டையை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். வாளியோடு படியேறுவதைக் கண்ட கீழ் வீட்டு அன்ரி, "தம்பி, கடல் பக்க அறைக்கு இப்ப அடிக்காதேங்கோ. முந்தி இருந்த ஆக்களும் ரெண்டு தரம் அடிச்சவை" என்றார். சிரித்துவிட்டு ஏறிப் போனேன். வருசப் பிறப்புக்கு ஆட்கள் வருவார்கள், அதற்குள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது மட்டுமே அப்போது என் மண்டைக்குள் இருந்தது.

மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கியது. இரண்டாம் கிழமை, யன்னலுக்குக் கீழே சுவரில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு கொப்புளம். விரலால் அழுத்தினேன். பெயின்ட் தோல் கிழிந்து அரைக்கரண்டித் தண்ணீர் வழிந்தது. உள்ளே வெள்ளையாய் மாப் போல ஏதோ ஒட்டியிருந்தது, உப்பு. ஜூன் முடிவதற்குள் அந்தச் சுவரின் கீழ்ப்பாதி முழுக்க அப்பளம் அப்பளமாக உரிந்துவிட்டது.

இதன் கதை லேசானது. சுவருக்குள் இறங்கிய தண்ணீர், சீமெந்திலும் செங்கல்லிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் பளிங்காகி நின்று பெயின்ட்டைத் தள்ளும். கடலோரத்தில் காற்றே உப்புக் காற்று என்பதால் இது இன்னும் மோசம். இப்படியான சுவருக்கு எவ்வளவு விலையான பெயின்ட் அடித்தாலும் நிற்காது. எங்கள் வீட்டில் தண்ணீர் வந்த வழி யன்னலின் வெளிப்பக்கம். கீழ்க்கட்டு வெளியே சாயாமல் தட்டையாக இருந்தது, அலுமினியச் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே பூசியிருந்த சிலிக்கன் காய்ந்து வெடித்திருந்தது. அதைச் சரிசெய்ய அரை நாள் வேலைதான். பெயின்ட்டுக்கும் கூலிக்கும் செலவழித்த காசில் பத்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை.

புது வீட்டில் நடக்கிற பிழைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். வேலை தெரியாமல் செய்வதில்லை. வீடு எப்படிப்பட்டது என்று தெரிவதற்கு முதலே செய்துவிடுகிறோம். கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு தரம் மே மாதத்திலும், பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் கொட்டும். வீட்டைப் பார்க்க நாம் போவதோ பெரும்பாலும் வெயில் நாளில். புரோக்கரும் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போவார்.

ஆகவே, ஓட்டை ஒழுகல், வயர் கோளாறு போன்ற அவசர வேலையைத் தவிர, முதல் மாதம் எதையும் தொடாமல் ஒரு கொப்பியில் குறித்து மட்டும் வாருங்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு மேற்கு வெயில் எந்த அறைக்குள் விழுகிறது? காலை ஆறு மணிக்கு எல்லோரும் குளிக்கிற நேரத்தில் மேல் மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா? எந்தக் கான் மணக்கிறது? கரையோர ரயில் போகும்போது எந்த யன்னல் கிடுகிடுக்கிறது? பலத்த மழைக்கு மறுநாள் எல்லா வெளிச்சுவரையும் கையால் தடவிப் பாருங்கள். எங்கள் கட்டிலை முதலில் மேற்குச் சுவரோடு போட்டிருந்தோம். இரவு பத்து மணிக்கும் அந்தச் சுவர் தோசைக்கல் போலச் சுட்டது. அந்த அறைக்கு ஏசி பூட்ட விலைகூடக் கேட்டு வைத்திருந்தேன். கட்டிலை எதிர்ப்பக்கம் மாற்றி, யன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி ஒன்று தொங்கவிட்டதோடு அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

சுவர் ஈரமா இல்லையா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தடித்த பொலித்தீன் வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர்த்துளி பூத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம். யன்னலைத் திறந்து வைப்பதே அதற்கு மருந்து. புதிதாகப் பூசிய சீமெந்தென்றால் இந்தச் சோதனையே வேண்டாம், எப்படியும் நாலு கிழமை காய விடுங்கள்.

குளியலறை

இங்கே பிழை விட்டால் கீழ் வீட்டுக்காரரின் கூரை ஒழுகும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய டைல்ஸ் அசிங்கமாக இருக்கிறது என்று அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டச் சொல்வது பரவலான வழக்கம். ஒரு நாளில் வேலை முடியும், உடைப்புச் சத்தம் இல்லை. ஆனால் தண்ணீரைத் தடுப்பது டைல்ஸ் என்று நினைப்பதே தப்பு. டைல்ஸ் இடுக்குகளில் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். தடுப்பது அதற்குக் கீழே தளத்திலும், சுவரின் அடிப்பகுதியிலும் பூசுகிற வாட்டர்ப்ரூஃப் பூச்சு. பழைய கட்டடங்களில் அது தேய்ந்து போயிருக்கும், அல்லது பூசியே இருக்க மாட்டார்கள்.

டைல்ஸ் வாங்குவதற்கு முன் கானை ஒரு துணியால் இறுக அடைத்து, தளத்தில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விடுங்கள். கீழ் வீட்டுக்காரரிடம் முதலே சொல்லிவிட்டு, மறுநாள் அவர்களுடைய குளியலறைக் கூரையைப் போய்ப் பாருங்கள். நாங்கள் போனபோது அன்ரி ஒரு வாளியைக் காட்டினார். அது அங்கே மூன்று வருடமாக இருக்கிறதாம்! புதுப் பூச்சுப் பூசிய பிறகும் டைல்ஸ் ஒட்டும் முன் இதே சோதனையை இன்னொரு தரம் செய்யச் சொல்லுங்கள். மேசன் பாஸ் (கொத்து வேலைக்காரர்) முகம் சுழிப்பார், பரவாயில்லை.

டைல்ஸ் வாங்கும்போது கணக்குக்கு மேலே பத்து வீதம் கூட வாங்குங்கள். பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து எடுக்க வேண்டும். அடுத்த வருடம் இரண்டு டைல்ஸ் உடைந்தால் அதே நிறம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு பெட்டி கட்டிலுக்கடியில் கிடக்கட்டும்.

வயரிங்

பழைய ஃபிளாட்டுகளில் உருண்டை முள் பிளக், அதுவும் 5 ஆம்பியரும் 15 ஆம்பியரும் கலந்து இருக்கும். இப்போது நாட்டின் நியமம் சதுர முள் உள்ள 13 ஆம்பியர் பிளக். பலர் செய்வது, ஒரு மாற்றுப் பிளக்கை வாங்கி, அதில் மல்டி பிளக் செருகி, அதிலேயே கேத்தல், ரைஸ் குக்கர், பிரிஜ் எல்லாவற்றையும் மாட்டிவிடுவது. 13 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 3,000 வாட். கேத்தல் ஒன்றே 2,000 வாட் வரை இழுக்கும். குளியலறைக்கு உடனே சூடாக்கும் ஷவர் பூட்ட நினைத்தால் அது பெரும்பாலும் 3,500 வாட், சாதாரணப் பிளக்கில் மாட்டவே கூடாது. அதற்கும் ஏசிக்கும் மெயின் மின் பலகையிலிருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் வேண்டும்.

குடிபோன அன்றே ட்ரிப் சுவிட்சில் உள்ள சின்னச் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் பெயின்ட், திரைச்சீலை எல்லாம் ஒருபக்கம் வைத்துவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுவரில் படம் மாட்டத் துளைக்கும்போது, சுவிட்சுக்கு நேர் மேலேயும் குழாய்க்கு நேர் மேலேயும் துளைக்காதீர்கள், வயரும் பைப்பும் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் போகும்.

அலுமாரியும் லிப்ட்டும்

மொரட்டுவைக்குப் போய் ஏழடி உயரத்தில் மஹோகனி அலுமாரி ஒன்று செய்யக் கொடுத்தேன். அறையை மூன்று தரம் அளந்தேன், லிப்ட்டை அளக்கவில்லை. லொறி வந்து நின்றபோது அலுமாரி லிப்ட்டுக்குள் போகவில்லை, படி வளைவிலும் திரும்பவில்லை. கடைசியில் ஓடாவியார் ஒருவரைத் தேடிப் பிடித்து, கழற்றி, மேலே கொண்டுபோய்ப் பூட்டினோம். அன்றிலிருந்து அதன் ஒரு கதவு சரியாகச் சாத்துவதில்லை. லிப்ட்டின் உள் உயரம், கதவு அகலம், படி வளைவு, உங்கள் வாசற்கதவு, இந்த நாலையும் அளந்த பிறகு ஓடர் கொடுங்கள்.

கடலோரம் என்றால் இரும்புக் கிரில், மலிவான பிணைச்சல், சாதாரண ஆணி எல்லாம் ஒரு வருடத்தில் கறள் கட்டும். நுளம்பு வலை போடுவதானாலும் கம்பி வலையை விட ஃபைபர் வலை நல்லது. குசினிக் கழுவு தொட்டிக்குக் கீழே தூள்பலகை அலுமாரி வைக்காதீர்கள், ஒரு சின்னக் கசிவிலேயே ஊதிப் பாண் போல ஆகிவிடும். கிரில் போட்டே ஆக வேண்டுமென்றால், ஒரு யன்னலிலாவது உள்ளிருந்து திறக்கக்கூடிய பகுதி விடுங்கள். தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டுமே.

பல்கனியை அடைத்து இன்னொரு அறை ஆக்குவது எல்லோருக்கும் வருகிற ஆசை. தொடர்மாடி வீடுகளுக்கான 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கூரை, படி, லிப்ட் போல வெளிச்சுவரும் பொதுவாக எல்லா வீட்டுக்காரருக்கும் பொதுவான பகுதி. காசு கொடுத்து வாங்கிய வீடுதானே என்று உடைக்க முடியாது. எங்கள் யன்னலுக்கு வெளியே சிலிக்கன் பூசவே தொடர்மாடி நிர்வாகக் கமிட்டியிடம் ஒரு கடிதம் கொடுத்துத்தான் செய்தோம். உடைத்த கல்லையும் மண்ணையும் யார், எப்படி அப்புறப்படுத்துவது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். மாநகர சபைக் குப்பை வண்டி வரும், கொடுத்துவிடலாம் என்று இருக்காதீர்கள்.

பூச்சாடி

பல்கனியில் நாலு பூச்சாடி வைக்கிறீர்கள். சாடிக்குக் கீழே தட்டு. அந்தத் தட்டில் தேங்குகிற தெளிந்த தண்ணீர்தான் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். முட்டை நுளம்பாகப் பத்து நாள்கூடத் தேவையில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு தரம் தேய்த்துக் கழுவ வேண்டும். பிரிஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, ஏசித் தண்ணீர் விழும் வாளி, மொட்டை மாடித் தாங்கியின் மூடி, கூரைப் பீலி, இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. இப்போதும் பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்து, புழு கண்டால் வழக்குப் போடுவார். குடிபோகும்போது வீடு மாறின பெட்டிகளையும் வெற்று வாளிகளையும் பல்கனியில் குவித்து வைக்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள்.

கடதாசி வேலை

இதில் அலங்காரம் எதுவும் இல்லாததால் எல்லோரும் தள்ளிப்போடுகிறோம். சாவி கையில் வந்த அன்றே மின் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் போனில் படம் எடுங்கள். பழைய பில் பாக்கி உங்கள் தலையில் விழாமல் இருக்க அந்தப் படம் உதவும். கணக்குகளை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கிராம சேவகரைச் சந்தித்து வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதியுங்கள். பிள்ளையைத் தரம் 1க்குச் சேர்க்கும்போது, பெற்றோரின் பெயர் அந்த முகவரியில் ஐந்து வருடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள். பிள்ளைக்கு இப்போது ஒரு வயதுதான், பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அந்த வருடங்கள் திரும்பி வராது.

பாஸ் கிடைக்கிற காலம்

பெயின்ட் வேலைக்குக் கொழும்பில் நல்ல காலம் ஜனவரி கடைசியும் பெப்ரவரியும். மழை குறைவு, சுவர் காய்ந்திருக்கும். ஆனால் மார்ச்சில் எல்லோரும் வருசத்துக்கு வீட்டை அழகாக்கப் பார்ப்பார்கள், அப்போது பாஸ்மாரைப் பிடிக்கவே முடியாது. ஏப்ரல் 10க்குப் பிறகு அவர்கள் ஊருக்குப் போவார்கள். திரும்பி வர இரண்டு கிழமையும் ஆகும், மாதக் கடைசியும் ஆகும். அந்த நேரம் குளியலறையை உடைத்துப் போட்டிருந்தால் என்ன செய்வீர்கள்? டிசம்பரிலேயே பேசி வையுங்கள். நாட்கூலியா, முழு வேலைக்கும் ஒரு தொகையா என்பதையும் சாமான் யார் வாங்குவது என்பதையும் ஒரு தாளில் எழுதி, காசை வேலை நகர நகரக் கொடுங்கள். முழுக்க முன்கூட்டிக் கொடுத்தவர்கள் பிறகு போனில் "நாளைக்கு வாறன் சேர்" என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் கடல் பக்க அறைக்கு அடுத்த பெப்ரவரியில்தான் திரும்பப் பெயின்ட் அடித்தோம். அதுவரை உரிந்த சுவரை மறைக்க அந்த மொரட்டுவை அலுமாரியை அதோடு ஒட்டி வைத்திருந்தோம். அதுவும் பிழைதான். இழுத்தபோது முதுகுப் பலகை முழுக்கப் பச்சையாய்ப் பூஞ்சணம்.