ஏற்காடு மலைச்சாலையில் ஸ்போர்ட்ஸ் பைக்: சேலத்திலேயே தொடங்கிவிடும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏற்காடு அடிவாரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இறங்கி வரும் பைக்குகளில் சிலவற்றிலிருந்து கருகிய வாடை வரும். டிஸ்க் நீலம் பாய்ந்திருக்கும். முன் பிரேக் லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி அமுங்கி கிரிப் வரை வந்துவிடும். "மலை ஏறினதுல வண்டி கெட்டுப்போச்சு" என்பார்கள். பெரும்பாலும் அந்தக் கோளாறு சேலத்தில், வீட்டு வாசலில் நிற்கும்போதே வண்டிக்குள் இருந்திருக்கும். ஜங்ஷனுக்கும் ஐந்து ரோட்டுக்கும் ஓட்டும்போது தெரியாமல் இருந்தது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தெரிந்துவிட்டது.

காரணம் சூடு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். வண்டியும் இரண்டு பேரும் பெட்ரோலும் பையும் சேர்ந்து 300 கிலோ என்று வையுங்கள். அந்த எடை 1,200 மீட்டர் கீழே இறங்கும்போது ஏறத்தாழ 35 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. கொஞ்சம் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் தாங்கலாம், அல்லது இரண்டு மெல்லிய டிஸ்க்குகள் தாங்கலாம். எது தாங்குவது என்பதை கியர் போடும் உங்கள் இடது கால் முடிவு செய்கிறது.

நியூட்ரலில் இறங்குவது

மலைச்சாலைத் தவறுகளில் இதைவிட மோசமானது வேறில்லை. பெட்ரோல் மிச்சம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். அந்தக் கணக்கு கார்புரேட்டர் காலத்தோடு போய்விட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு விற்பனைக்கு வந்த ஸ்போர்ட்ஸ் பைக்குகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கொண்டவை. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டால், இன்ஜின் வேகம் போதுமான அளவு இருக்கும்வரை இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் ஓட பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, கியரில் இறங்குபவருக்குத்தான் பெட்ரோல் மிச்சம். நியூட்ரலில் இறங்குபவர் பெட்ரோலையும் செலவழித்து, 35 லட்சம் ஜூலையும் டிஸ்க்கின் தலையில் கட்டுகிறார்.

சாவியை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் ஆபத்து. ஏபிஎஸ் வேலை செய்யாது, பிரேக் லைட் எரியாது, பின்னால் வரும் பஸ் டிரைவருக்கு நீங்கள் பிரேக் பிடிப்பது தெரியாது.

எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். 150 முதல் 400 சிசி வரையான வண்டிகளில் வளைவுகளுக்கு இடையே செகண்ட், நெருக்கமான வளைவுகளில் ஃபர்ஸ்ட் என்பது பெரும்பாலும் சரியாக வரும். இன்ஜின் 4,000 முதல் 6,000 ஆர்பிஎம் வரை சத்தம் போடுவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அந்தச் சுற்றுக்காகவே செய்த இன்ஜின் அது. ஆனால் வேகத்தோடு வந்து ஒரே மிதியில் ஃபர்ஸ்ட் கியருக்குத் தள்ளினால் பின் சக்கரம் துள்ளி வழுக்கும். ஸ்லிப்பர் கிளட்ச் (கியர் குறைக்கும்போது தானே சற்று வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச்) உள்ள வண்டியில் இது குறையுமே தவிர, இல்லாமல் போகாது. முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, பிறகு ஒவ்வொரு கியராக இறக்குங்கள்.

பிரேக்: சேலத்தில் பார்க்க வேண்டியவை

லீவர் பஞ்சு மாதிரி ஆவதற்குக் காரணம் பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தர விதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். லீவரைப் பிடித்தால் குமிழிதான் அமுங்கும், பேடை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பரின் பிஸ்டன் நகராது. நகரத்துக்குள் ஓட்டும்போது கேலிப்பர் அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை. அதனால் நான்கு வருடப் பழைய ஆயிலோடு ஓட்டுபவருக்கும் பிரேக் "நல்லாத்தான் இருக்கு".

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும். டப்பியின் கண்ணாடியில் தேன் நிறம் மாறி டீ டிகாஷன் மாதிரி தெரிந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள். மூடியில் எழுதியிருக்கும் வகையைத்தான் ஊற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிகான், டாட் 4-உடன் கலக்கவே கூடாது. பாதி காலியான பழைய பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து ஊற்றுவதும் தவறு, அது ஏற்கனவே ஈரம் குடித்திருக்கும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் டேங்க் பெயின்ட் உரிந்துவிடும்.

அடுத்தது பேட். தேய்மானக் கோடு அல்லது 1 மில்லிமீட்டர் என்பது கடைசி எல்லை. 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மலைக்குப் போகும் முன் மாற்றிவிடுவது நல்லது. பேட் மெலிந்தால் சூடு நேராக பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகும். பேட் மாற்றும்போது கேலிப்பரின் ஸ்லைடு பின்னைத் துடைத்து சிலிகான் கிரீஸ் வைக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பல கடைகளில் இதை விட்டுவிடுகிறார்கள். அந்த ஸ்லைடு பின் இறுகினால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் இரண்டு மூன்று சுற்றாவது தடையில்லாமல் ஓட வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் பைக்குக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. கால் வைக்கும் இடம் பின்னால் தள்ளி உயரமாக இருப்பதால், வலது காலின் முன்பகுதி தெரியாமலே பிரேக் பெடல் மேல் படிந்திருக்கும். பின்னால் வரும் நண்பரிடம் கேளுங்கள்: "பிரேக் லைட் அணையாம எரியுதா?" எரிந்தால் பெடலைச் சற்றுக் கீழே இறக்கி வையுங்கள். பின் பேட் சீக்கிரம் தேய்வதும் பின் டிஸ்க் நீலமாவதும் அதோடு நிற்கும்.

ஏபிஎஸ் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, வண்டி சிறிது தூரம் ஓடியதும் அணைய வேண்டும். பஞ்சர் போடச் சக்கரத்தைக் கழற்றிய பிறகு அணையாமல் இருந்தால், சென்சார் ஒயர் இழுபட்டிருக்கிறதா, சென்சாரில் சேறு அப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஓட்டும்போது லேசாகப் பிடித்தபடியே இறங்காதீர்கள். வளைவுக்கு முன், வண்டி நேராக நிற்கும்போதே முன்னும் பின்னும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுக்க விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். லீவர் நீளமாகப் போக ஆரம்பித்தால் கிளட்ச்சைப் பிடித்தபடியே உருளாமல், ஒவ்வொரு கியராகக் குறைத்து, ஓரத்தில் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, இருபது நிமிடமாவது ஆற விடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது, கொதிக்கும் உலோகம் திடீரென்று குளிர்ந்தால் வளையும். ஆறிய பின் லீவர் பழையபடி இறுக்கமாக இருந்தாலும் அந்த ஆயிலை இனி நம்ப முடியாது. மெதுவாக இறங்கி, மறுநாளே மாற்றுங்கள்.

ஏறும்போது சூடாவது

ஏற்றத்தில் பாரம் இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும். ஸ்போர்ட்ஸ் பைக்கின் பலம் மேல் ஆர்பிஎம்மில் இருக்கும். வளைவில் செகண்டில் போட்டு, திணறும்போது பாதி கிளட்ச் பிடித்து ரேஸ் கொடுப்பதுதான் கிளட்ச் பிளேட்டைக் கருக்குகிறது. வளைவுக்கு முன்பே ஃபர்ஸ்ட் போட்டு, கிளட்ச்சை முழுக்க விட்டு ஏறுங்கள். முன்னால் பஸ் போனால் அதன் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு ஊர்வதைவிட, ஒரு வளைவு இடைவெளி விட்டு ஏறினால் கிளட்ச்சுக்கும் நல்லது, உங்கள் நுரையீரலுக்கும் நல்லது. கிளட்ச் லீவரின் நுனியில் பெரும்பாலான வண்டிகளுக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை விளையாட்டு (தளர்வு) இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், நீங்கள் பிடிக்காமலே கிளட்ச் வழுக்கும்.

காருக்கு வாங்கிய இன்ஜின் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றுகிறார்கள். பைக்கில் அதே ஆயிலில்தான் கிளட்ச்சும் நனைகிறது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (கிளட்ச் நனையும் பைக்குகளுக்கான ஆயில் குறியீடு) என்று இருக்க வேண்டும். அளவு பார்க்கும்போது வண்டியை நேராக நிமிர்த்திப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பார்த்து ஊற்றியதால் அதிகமாகிப்போன வண்டிகள் நிறைய.

கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். சேலத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். கலந்தே விற்கும் கூலன்ட்டை வாங்குங்கள், வழியில் அவசரமென்றால் டிஸ்டில்டு வாட்டர். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் பீறிடும். கிளம்பும் முன் வண்டியை நிறுத்தி வைத்து ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் பெரும்பாலும் ஃபியூஸ் அல்லது கனெக்டர். வாட்டர் வாஷில் அழுத்தமாக அடித்து ரேடியேட்டர் தகடுகளை மடக்கிவிடுவதும் அடிக்கடி நடப்பது.

டயரும் செயினும்

பெங்களூரு சாலையில் தினமும் நேராக ஓடும் வண்டியின் பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். அந்த டயர் வளைவில் சாயும்போது தட்டையின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் வண்டி திடீரென்று "விழுவது" போல இருக்கும். ஓட்டத் தெரியவில்லை என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம், டயரை மாற்றுங்கள். பட்டன் எவ்வளவு மிச்சம் என்பதோடு வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3422 என்றால் 2022-ன் 34-வது வாரம். ஐந்து வருடம் தாண்டிய ரப்பர் கெட்டியாகி, மழையில் பிடிக்காது. புது டயருக்கு முதல் 150 கிலோமீட்டர் நிதானம் வேண்டும், அதை மலையில் பழக்காதீர்கள். அகலமான டயர் போட்டால் கிரிப் கூடும் என்பதும் தவறு. அந்த ரிம்முக்கு மீறிய டயர் உருவம் மாறி, சாய்வதற்கு அடம்பிடிக்கும்.

காற்றைக் குறைத்தால் பிடிமானம் கூடும் என்று ரேஸ் டிராக் பழக்கத்தை மலைக்குக் கொண்டுவருகிறார்கள். ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையே வையுங்கள். இரண்டு பேர் என்றால் அதற்கென்று எழுதியிருக்கும் அளவு. காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்தால்தான் அந்த எண் சரி.

செயின் தளர்வும் ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 25 முதல் 35 மில்லிமீட்டருக்குள். சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும். "டைட்டா வச்சா நல்லது" என்பது தவறு. பின்னால் ஆள் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் மேலும் இறுகி, கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங்கைத் தின்னும். இன்ஜினை ஓடவிட்டுச் செயின் துடைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து நிறுத்துங்கள், செயினும் ஸ்பிராக்கெட்டும் சேரும் இடத்தில் துணி மாட்டினால் விரல் திரும்பி வராது. நியூட்ரலில் கையால் சுற்றினால் போதும். மண்ணெண்ணெயில் துடைத்து, உள்பக்கம் செயின் லூப் ஸ்பிரே அடித்து, கால் மணி நேரம் விட்டு, வழிவதைத் துடைத்த பிறகே கிளம்புங்கள். உடனே கிளம்பினால் அது பின் டயரில் தெறிக்கும்.

முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் போய்விட்டது. அது கீழே வழிந்து டிஸ்க்கில் சேரும், தள்ளிப்போட வேண்டாம். ஹேண்டில்பார் நேராக வரும் இடத்தில் "டக்" என்று மாட்டினால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) தேய்ந்துவிட்டது.

பனிமூட்டத்துக்காகக் கூடுதல் எல்இடி போடுபவர்கள் தனி ஃபியூஸ், ரிலே இல்லாமல் ஹெட்லைட் ஒயரிலேயே முறுக்கிச் சேர்க்காதீர்கள். போட்ட பிறகு எல்லா விளக்கையும் எரியவிட்டு, 5,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் ஆல்டர்னேட்டர் தாங்கவில்லை அல்லது ரெகுலேட்டர் போகிறது. மூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணில்தான் அடிக்கும்.

வளைவில்

இறங்கும்போது கிளிப்-ஆன் (ஃபோர்க்கிலேயே தாழ்வாகப் பொருத்திய) ஹேண்டில்பாரில் உடல் எடை முழுதும் மணிக்கட்டில் விழும். கை விறைத்தால் வண்டி திரும்பாது, குழியில் ஆக்சிலரேட்டர் தானாகத் திறக்கும். முழங்காலால் டேங்க்கை இறுக்கி, முழங்கையைத் தளர்த்துங்கள். பின்னால் இருப்பவர் உங்கள் மேல் சரியாமல் டேங்க்கில் கை ஊன்றட்டும்.

உள்வளைவில் ஒட்டிப் போகாதீர்கள், மழைக்குப் பிறகு மண்ணும் ஜல்லியும் அங்கேதான் சேரும். எதிரே பஸ் வந்தால் திரும்ப முழுச் சாலையும் அதற்கு வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவதே விதி, ஹாரன் அடித்து, தேவையென்றால் நின்றுவிடுங்கள்.

அடிவாரம் வந்ததும் நிறுத்தி, இரண்டு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், டிஸ்க்கைத் தொடாமல். முன்னதைவிடப் பின் சக்கரம் அதிகம் கொதித்தால் பெடல் அல்லது கேலிப்பர் உரசுகிறது. மறுநாள் காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது, கூலன்ட் டப்பியின் அளவையும் பிரேக் ஆயில் நிறத்தையும் ஃபோர்க் குழாயையும் இன்னொரு முறை பாருங்கள்.