அமெரிக்க அரசியலை ஆவணத்தோடு விவாதிப்பது எப்படி: கொங்கு நாட்டினருக்கு ஒரு வழிகாட்டி

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்கக் கூடுதல் வரி 50 விழுக்காட்டைத் தொட்டது. அன்றிலிருந்து திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர், அதே கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர், கரூரில் திரைச்சீலையும் மேசை விரிப்பும் ஏற்றுமதி செய்பவர், மகனை நியூ ஜெர்சிக்கு அனுப்பிவிட்டுக் கோயம்புத்தூரில் இருக்கும் பெற்றோர் என்று எல்லோரும் வாஷிங்டனைப் பற்றிப் பேசுகிறோம். பேச நமக்கு முழு உரிமை உண்டு, ஏனென்றால் அங்கே விழும் ஒரு கையெழுத்து இங்கே ஒரு ஷிஃப்டைக் குறைக்கிறது. ஆனால் பேக்கரி வாசலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் நடக்கும் விவாதங்களில் பெரும்பாலானவை டிரம்ப் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதற்கு எந்த விடை கிடைத்தாலும் கேட்டவருக்குப் பயனில்லை. முடிவை எடுத்தவர் யார், எந்தச் சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைத் தந்தது, அது எந்த ஆவணத்தில் எழுதப்பட்டுள்ளது, அதற்காக அவரைக் கேள்வி கேட்கக் கூடியவர் யார் என்று கேட்கத் தொடங்கினால், அதே அரை மணி நேரப் பேச்சில் நம் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் உதவும் தகவல் கிடைக்கும்.

முதலில் அது என்ன காகிதம் என்று பாருங்கள்

ஒரு செய்தி வந்தவுடன், அது அதிபர் மேடையில் பேசியதா, அவர் கையெழுத்திட்ட நிர்வாக ஆணையா, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் தாக்கலான மசோதாவா, நிறைவேறிய சட்டமா, நீதிமன்றத் தீர்ப்பா என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மசோதா தாக்கல் செய்வது அங்கே மிக எளிது. 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் அவையிலோ 100 பேர் கொண்ட செனட்டிலோ ஒரே ஓர் உறுப்பினர் நினைத்தால் போதும். 2025 செப்டம்பரில் ஒஹாயோ மாநில செனட்டர் பெர்னி மொரினோ, அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலைகளுக்கான கட்டணத்தின் மீது 25 விழுக்காடு வரி விதிக்க ஒரு மசோதாவைக் கொண்டுவந்தபோது, சரவணம்பட்டி ஐ.டி. நிறுவனங்களில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பெற்றவர்களில் பலர் அது சட்டமாகிவிட்டதாகவே பேசினார்கள். காங்கிரஸ் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் மசோதாவின் பெயரைத் தட்டினால் அது எந்தக் குழுவில் நிற்கிறது, வாக்கெடுப்புக்கு வந்ததா, வந்திருந்தால் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது தெரிந்துவிடும். நிர்வாக ஆணைகளுக்கு ஃபெடரல் ரெஜிஸ்டர் என்னும் அவர்களுடைய அரசிதழைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஆணைக்கும் எண் உண்டு. 2025 ஏப்ரல் 2 அன்று வந்த பரஸ்பர வரி ஆணை 14257. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி இந்தியாவுக்கு மேலும் 25 விழுக்காடு சேர்த்த ஆகஸ்ட் 6 ஆணை 14329. எண்ணைச் சொல்லிப் பேசினால், எதிரில் இருப்பவரும் அதைத் திறந்து படித்த பிறகே மறுக்க முடியும்.

வரி பற்றிய விவாதத்தில் இரண்டு செய்திகளைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்கச் சுங்கத்துறையில் வரியைக் கட்டுபவர் அங்கே இறக்குமதி செய்யும் நிறுவனத்தார், திருப்பூர்க்காரர் அல்லர். நம் மீது சுமை ஏறுவது, பையர் விலையைக் குறைக்கச் சொல்லும்போதும், ஆர்டரை வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ மாற்றும்போதும்தான். அடுத்தது, கூடுதல் வரி என்பது பழைய வரிக்கு மேல் வருவது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்கா முன்பிருந்தே 16.5 விழுக்காடு வாங்குகிறது. அதன்மேல் 50 சேர்ந்தபோது மொத்தம் 66.5 விழுக்காடு ஆயிற்று. இந்தக் கணக்கைத் தெரிந்தவரும் வெறும் 50 என்று பேசுபவரும் ஒரே பொருளைப் பற்றி விவாதிக்கவில்லை.

அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்க அரசமைப்பின் முதல் பிரிவு, எட்டாம் உட்பிரிவு, வரியும் சுங்கமும் விதிக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்கே தருகிறது. அதிபர் தம் ஆணைகளுக்கு ஆதாரமாகக் காட்டியது நெருக்கடி காலப் பொருளாதார அதிகாரங்கள் பற்றிய 1977ஆம் ஆண்டுச் சட்டத்தை. அதில் வரி என்ற சொல்லே இல்லை என்று சிறு இறக்குமதியாளர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். அமெரிக்காவின் பன்னாட்டு வணிக நீதிமன்றம் 2025 மே 28 அன்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்ட் 29 அன்று 7க்கு 4 என்ற கணக்கில் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் நவம்பர் 5 அன்று வாதங்களைக் கேட்டது. ஆகஸ்ட் தீர்ப்பு வந்த இரவே வரி ரத்தாகிவிட்டது என்ற செய்தி பல குழுக்களில் ஓடியது. ஆனால் மேல்முறையீட்டுக்கு இடம் விட்டு, அக்டோபர் 14 வரை தன் தீர்ப்பு நடைமுறைக்கு வராது என்று அந்த நீதிமன்றமே எழுதியிருந்தது. தீர்ப்பில் என்ன சொல்லப்பட்டது என்பதோடு, அது எந்த நாளிலிருந்து செல்லும் என்பதையும் படிக்காமல் எந்தத் தீர்ப்பையும் பகிர வேண்டாம். வரி விகிதத்தைச் சொல்லும்போது எந்தத் தேதியில் இருந்த விகிதம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே ஒரு நாள்

இதை ஒரு நிகழ்வை வைத்து விளக்குகிறேன், ஏனென்றால் கொங்கு நாட்டில் பல வீடுகள் அதில் தவித்தன. 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, வெளிநாட்டுத் திறன்சார் ஊழியர்களுக்கான எச்-1பி விசாவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதிக்கும் பிரகடனத்தில் அதிபர் கையெழுத்திட்டார். வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லட்னிக் செய்தியாளர்களிடம் அது ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தொகை என்று சொன்னார். நமக்கு அடுத்த நாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை. காரமடைக்குப் போகக் கிளம்பியவர்கள் பேருந்தில் உட்கார்ந்தே அந்தக் காணொளியைப் பார்த்தார்கள். ஞாயிறு காலை நம் நேரப்படி 9:31க்கு ஆணை நடைமுறைக்கு வரும் என்றும், அதற்குள் அமெரிக்க மண்ணில் கால் வைக்காவிட்டால் வேலை போய்விடும் என்றும் செய்தி பரவ, விடுமுறைக்கு வந்திருந்த பிள்ளைகள் கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கிடைத்த விலைக்கு டிக்கெட் தேடினார்கள். அந்த ஞாயிறு மகாளய அமாவாசை. பவானி கூடுதுறையில் தர்ப்பணம் முடித்துக் கரையேறியவர்களின் கையிலும் கைப்பேசிதான் இருந்தது.

பிரகடனத்தைத் திறந்து படித்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. கட்டணம் விசா மனுக்களோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் என்ற பேச்சே அதில் இல்லை. நீட்டிக்கப்படாவிட்டால் 12 மாதங்களில் முடியும் என்றும் எழுதியிருந்தது. சனிக்கிழமை வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர், இது ஒருமுறைக் கட்டணம், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது என்று தெளிவுபடுத்தினார். பிரகடனத்தின் வாசகத்தில் குழப்பத்துக்கு இடமிருந்தது உண்மை; நிறுவனங்களின் வழக்கறிஞர்களே ஊழியர்களை உடனே திரும்பச் சொன்னார்கள் என்பதும் உண்மை. ஆகவே டிக்கெட் எடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படிப்பட்ட நாளில் குடும்பக் குழுவில் இருக்கும் ஒருவர் செய்யக்கூடிய பெரிய உதவி, அமைச்சரின் காணொளியை ஒன்பதாவது முறையாக அனுப்புவதைவிட, பிரகடனத்தின் முழு வாசகத்துக்கான இணைப்பை ஒருமுறை அனுப்புவதே.

கணக்குக் கேட்பவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அங்கே எல்லாம் ஒருவர் கையில் என்றோ, நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்றோ பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தால் விவாதம் மேலே போகாது. நம் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் வேலையை ஒத்த வேலையைச் செய்ய, காங்கிரஸின் கீழ் 1921இல் தொடங்கப்பட்ட அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் இருக்கிறது. அதன் தலைவரின் பதவிக்காலம் 15 ஆண்டுகள். அதன் அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எந்த நிறுவனத்துக்கு அரசு எவ்வளவு ஒப்பந்தம் கொடுத்தது என்பதை யுஎஸ்ஏ ஸ்பெண்டிங் தளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. அவர்களுடையது 1966இல் வந்தது. நம் சட்டம் குடிமக்களுக்கு மட்டும் உரியது. அமெரிக்கச் சட்டத்தின்படி எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்பதால், ஈரோட்டில் இருந்துகொண்டே ஒருவர் அமெரிக்கச் சுங்கத்துறையின் ஆவணங்களைக் கேட்க முடியும். 20 வேலை நாள்களில் பதில் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கும். காங்கிரஸும் நீதிமன்றங்களும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை.

துறைகளுக்குள்ளேயே இருந்து கணக்குப் பார்க்கும் தலைமை ஆய்வாளர்கள் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அமர்த்தப்படுகிறார்கள். அவர்களை நீக்குவதற்கு 30 நாள்களுக்கு முன் காங்கிரஸுக்குக் காரணத்தோடு அறிவிக்க வேண்டும் என்பது இன்றைய விதி. 2025 ஜனவரியில் அதிபர் ஒரே இரவில் பதினைந்துக்கும் மேற்பட்டோரை முன்னறிவிப்பின்றி நீக்கினார். அது சட்டத்துக்குப் புறம்பானது என்று செப்டம்பரில் ஒரு கூட்டாட்சி நீதிபதி சொன்னார், ஆனால் அவர்களை மீண்டும் பதவியில் அமர்த்த ஆணையிடவில்லை. இதைக் கண்டிப்பவர், 1981இல் ரீகன் பதவியேற்றவுடன் அப்போதிருந்த ஆய்வாளர்களை நீக்கியதையும் அறிந்து வைத்திருக்க வேண்டும். அன்று 30 நாள் விதி இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கண்டிப்பவரின் வாதம் நிற்கும். தமக்குப் பிடித்த கட்சி இதையே செய்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று விவாதத்துக்கு முன் ஒருமுறை எண்ணிப் பார்ப்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

நம் ஊர் அரசியல் பழக்கத்தை அப்படியே அங்கே ஏற்றிப் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும். 1985 முதல் நமக்குக் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருப்பதால், கொறடா சொன்னபடி வாக்களிப்பதே நம் உறுப்பினர்களின் வழக்கம். அங்கே அப்படிச் சட்டம் இல்லை. கட்சிக்கு எதிராக வாக்களித்தாலும் பதவி போகாது. ஆகவே ஒரு கட்சி ஆதரித்தது என்று சொல்வதைவிட, எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று சொல்வதே சரியானது. பிரதிநிதிகள் அவை குற்றச்சாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியதும் அதிபர் பதவி இழந்துவிடுவதில்லை. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன், கிளிண்டன் ஆகியோர் மீது தலா ஒரு முறையும் டிரம்ப் மீது இரண்டு முறையும் தீர்மானம் நிறைவேறியது. ஒருமுறைகூடச் செனட் அவர்களைக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை.

எப்படிப் பேசுவது

நம் குடும்பங்களில் பெரியவர் சொன்னதை இளையவர் எல்லோர் முன்னிலையிலும் மறுத்தால் விவாதம் அத்தோடு முறிந்துவிடும். மறுப்பதைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளலாம். "ஏனுங்க மாமா, அது சட்டமாயிருச்சுங்களா, இல்லீங்க அவரு பேசுனதுங்களா?" என்று மருமகன் கேட்டால், மாமா தாமே தேடிப் பார்ப்பார். தவறான செய்தியை அனுப்பியவர், திருத்தத்தை அதே குழுவில், அதே செய்திக்குக் கீழேயே எழுத வேண்டும்; சத்தமில்லாமல் அழித்துவிட்டால், ஏற்கெனவே அதை வேறு பத்துப் பேருக்கு அனுப்பியவர்களுக்கு உண்மை போய்ச் சேராது.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்களைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். விசா விண்ணப்பத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளின் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள். மாணவர் விசாவுக்கு 2025 ஜூனிலிருந்தும், எச்-1பி விசாவுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவுக்கும் அதே ஆண்டு டிசம்பர் 15இலிருந்தும் அந்தக் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். அண்ணன் மகனின் பெயரையும் அவன் வேலை செய்யும் கம்பெனியையும் குறிப்பிட்டு அரசியல் எழுதாதீர்கள். அவன் சார்பாகத் துணிச்சல் காட்ட நமக்கு உரிமை இல்லை. விசாவில் இருப்பவர்கள் அமெரிக்கத் தேர்தலுக்கு நன்கொடை தருவதும் சட்டப்படி குற்றம். ஆனால் தாங்கள் குடியிருக்கும் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தில், தாமதமாகும் விசா மனுவைப் பற்றி உதவி கேட்கலாம்.

அதே கேள்விகளை நம் அரசிடமும் கேளுங்கள். வரி ஏறியபோது இந்திய அரசு பருத்தி மீதான 11 விழுக்காடு இறக்குமதி வரியை 2025 ஆகஸ்ட் 19 முதல் விலக்கி, பிறகு அந்தச் சலுகையை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. அதனால் நூல் விலை குறைந்ததா, குறைந்த விலை ஜாப் ஒர்க் செய்பவர் வரை வந்ததா என்பதை மக்களவையில் நம் உறுப்பினர் கேட்டாரா என்று நாடாளுமன்றத்தின் சன்சத் தளத்தில் பார்க்கலாம். கேட்டிருக்காவிட்டால் அவருடைய தொகுதி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஜவுளி அமைச்சகத்துக்குப் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு தகவல் மனுவும் போடுங்கள். 30 நாள்களில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கும் 30 நாள்களே அவகாசம் என்பதால், அனுப்பிய தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.