பசுமைக்குடிலில் சூடு ஏறினால் போனுக்கு அலாரம்: நாமே அமைக்கலாம்

ஓசூர், தளி பக்கம் பசுமைக்குடிலில் குடைமிளகாய் போடுபவர்களுக்குக் கோடை மதியம்தான் கண்டம். உள்ளே 35 டிகிரிக்கு மேல் நீடித்தால் மகரந்தம் வீரியம் இழந்து பூ கொட்டும். தண்ணீரைப் பனிபோல் தூவிக் குடிலைக் குளிர்விக்கும் ஃபாகர் நின்ற சேதி உடனே கிடைத்தால் பயிரைக் காப்பாற்றிவிடலாம்.

வாங்க வேண்டியவை: ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை), ஸ்டீல் குழாயில் அடைத்த டிஎஸ்18பி20 வெப்ப சென்சார், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸாக இருக்கட்டும். 5 கிகாஹெர்ட்ஸை இந்த போர்டு பிடிக்காது.

முதலில் ஒயரிங். சென்சாரின் ஒயர்களில் பெரும்பாலும் சிவப்பு போர்டின் 3.3 வோல்ட்டுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் ஜிபிஐஓ 4 பின்னுக்கு. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் குறுக்கே ரெசிஸ்டர்.

அடுத்து, சென்சார் தொங்கும் இடம். இங்கே அவசரமே வேண்டாம். நேர் வெயில் பட்டால் குழாய் தானே சூடாகிக் காற்றின் வெப்பத்தைவிடக் கூட்டிக் காட்டும். வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி, அந்த நிழலுக்குள் வையுங்கள். குடிலின் நடுவில், செடியின் நுனி உயரத்தில், ஃபாகர் சாரல் படாமல் இருக்க வேண்டும். செடி வளர வளர அதையும் ஏற்றிக் கட்டுங்கள்.

மூன்றாவது, புரோகிராம். போர்டுக்குப் புரோகிராம் எழுதும் ஆர்டுயினோ மென்பொருளில் 'ஒன்வயர்', 'டல்லாஸ் டெம்பரேச்சர்' லைப்ரரிகளைச் சேருங்கள். டெலிகிராமில் பாட் உருவாக்கித் தரும் 'பாட்ஃபாதர்' கணக்கில் ஒரு பாட் தொடங்கி, அதற்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அதன் டோக்கனையும் உங்கள் சாட் ஐடியையும் புரோகிராமில் போட்டால் செய்தி போனுக்கு வரும். நிமிடத்துக்கு ஒரு அளவு எடுத்து, தொடர்ந்து மூன்று முறை 34-ஐத் தாண்டினால் மட்டும் அலாரம். 32-க்கு இறங்கிய பிறகே அடுத்தது. உங்கள் குடில் தினமும் தொடும் வெப்பத்தை ஒரு வாரம் கவனித்து இந்த எண்களை மாற்றுங்கள். சும்மா சும்மா அடிக்கும் அலாரத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். மைனஸ் 127 என்று வந்தால் சென்சார் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. சரியாக 85 என்றால் அது சென்சார் ஆன் ஆனதும் காட்டும் எண். இரண்டையும் வெப்பமாக எடுக்காமல் 'சென்சார் கோளாறு' என்று தனிச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கரண்ட் போனால் ஃபாகரோடு ரூட்டரும் போர்டும் சேர்ந்தே அணையும், அலாரம் வராது. ரூட்டருக்கும் போர்டுக்கும் மினி யுபிஎஸ் கொடுங்கள். கூடவே, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போர்டு 'ஹெல்த்செக்ஸ்' போன்ற இணையச் சேவைக்குத் தகவல் அனுப்பட்டும். தகவல் நின்றால் அந்தச் சேவையே உங்களை எழுப்பும்.

பிறகு சோதனை: சென்சாரை வெதுவெதுப்பான நீரில் பிடியுங்கள், மஞ்சள் ஒயரைக் கழற்றுங்கள், போர்டின் பவரை நிறுத்துங்கள். மூன்றுக்கும் போன் அடிக்க வேண்டும்.