பரிசுக்கு ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு முயல் பொம்மை

கையால் பின்னிய சாக்ஸும் குரோஷாவில் (ஒற்றைக் கொக்கி ஊசியால்) பின்னிய பொம்மையும் சொதப்பினால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பின்னல் தளர்ந்திருக்கும். தளர்ந்த சாக்ஸ் ஷூவுக்குள் உரசி உரசிச் சீக்கிரமே குதிகாலில் ஓட்டை விழும். தளர்ந்த பொம்மையில் கண்ணிக்குக் கண்ணி வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும். நூலுருண்டையின் லேபிளில் அச்சிட்டிருக்கும் ஊசி அளவு ஸ்வெட்டருக்கும் சால்வைக்கும் சொன்னது. அதை நம்பி இந்த இரண்டையும் தொடங்காதீர்கள். லேபிள் 4 மி.மீ. என்றால் பொம்மைக்கு 2.5 மி.மீ. குரோஷா ஊசி எடுங்கள். சாக்ஸுக்கு 2.25 மி.மீ. ஊசி. முதலில் விரல் வலிக்கும், பழகிவிடும்.

நூல்

ஃபேன்சி ஸ்டோரில் ‘உல்லன்’ என்று கேட்டால் கையில் வருவது அநேகமாக அக்ரிலிக்தான். அதில் சாக்ஸ் பின்னினால் கால் வியர்க்கும். வியர்வையை நூல் உறிஞ்சாது. வெறும் பருத்தி நூலுக்கு இழுவை இல்லை. நான்கு தடவை போட்டதும் தொளதொளத்துக் கணுக்காலில் இறங்கி நிற்கும். சாக்ஸுக்கென்றே வரும் 4 பிளை (நூலின் தடிமனைச் சொல்லும் எண்) நூலில் முக்கால் பங்கு கம்பளி, கால் பங்கு நைலான் இருக்கும். 100 கிராம் உருண்டையில் சுமார் 400 மீட்டர். பெரியவர் ஒருவருக்கு ஒரு ஜோடி முடித்துக் கொஞ்சம் மிஞ்சும். லேபிளில் ‘சூப்பர்வாஷ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். டொரண்டோவில் இருக்கும் அக்கா அதைத் தனியாகக் கையால் அலசிக்கொண்டிருக்க மாட்டார், மெஷினில்தான் போடுவார். சாதாரணக் கம்பளி வெந்நீரிலும் சுழற்சியிலும் இழைக்கு இழை சிக்கிச் சுருங்கி, குழந்தை சாக்ஸாக வெளியே வரும்.

சென்னையில் இருப்பவருக்குக் கம்பளி சாக்ஸ் கொடுத்தால் அது பீரோவை விட்டு வெளியே வராது. அவருக்கு முயல்.

பொம்மைக்கு 8 பிளை பருத்தி நூல் நல்லது. இழுபடாததுதான் இங்கே வசதி, உருவம் அப்படியே நிற்கும். 50 கிராம் ஒரு உருண்டை போதும். உள்ளே அடைக்க மெத்தைக் கடையில் ‘ரெக்ரான் பஞ்சு’ என்று கேளுங்கள். வீட்டில் இருக்கும் இலவம்பஞ்சையோ பருத்திப் பஞ்சையோ அடைக்காதீர்கள். துவைத்தால் கட்டி கட்டியாகத் திரண்டு, காய நாளெடுத்து, வாடை வரும்.

சாக்ஸ்

பரிசு பெறுபவருக்குத் தெரியாமல் அளவெடுக்க வேண்டுமா? வாசலில் கழற்றிவிட்ட பழைய செருப்பைப் பாருங்கள். குதிகாலும் விரல்களும் பதிந்த தடம் இருக்கும். அந்தத் தடத்தின் நீளத்தை அளங்கள், செருப்பின் நீளத்தை அல்ல. அதில் 1 செ.மீ. கழித்தால் சாக்ஸின் நீளம். கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் காலோடு ஒட்டி நிற்கும்.

சுற்றளவுக்கும் இதே கதை. விரல்களுக்குக் கீழே பாதத்தின் அகலமான இடத்தில் 22 செ.மீ. என்றால், பத்தில் ஒன்று குறைத்து 20 என்று வையுங்கள். மாதிரித் துண்டு ஒன்று பின்னி, நனைத்துக் காயவைத்து எண்ணும்போது 10 செ.மீ.க்கு 32 கண்ணி வந்தால், 20 செ.மீ.க்கு 64 கண்ணி. மாதிரியையும் சுற்றாகவே பின்னுங்கள். நூலைப் பின்னால் வைத்துப் பின்னுவது நிட், முன்னால் வைத்துப் பின்னுவது பர்ல். பலருக்குப் பர்ல் வரிசை தளர்ந்து வரும், தட்டையாகப் பின்னிய மாதிரி பொய்க்கணக்குச் சொல்லும். கீழே எல்லாம் 64 கண்ணிக் கணக்கு. பெரிய கால் என்றால் 72; எந்த எண்ணானாலும் நான்கால் வகுபட வேண்டும்.

இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து அதன்மேல் 64 கண்ணி ஏற்றிவிட்டு ஒரு ஊசியை உருவிவிடுங்கள். ஏற்றிய விளிம்பு இறுகியிருந்தால் சாக்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் குதிகாலைத் தாண்டாது. நான்கு ஊசியில் 16, 16 ஆகப் பிரித்து, விளிம்பு எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் உள்பக்கம் பார்த்திருக்கிறதா என்று சரிபார்த்து வட்டமாக இணையுங்கள். முறுக்கு விழுந்தால் பிறகு சரிசெய்ய வழியில்லை, பிரிக்க வேண்டியதுதான். 2 நிட், 2 பர்ல் என்று 5 செ.மீ. ரிப், அதாவது இழுபடும் வரிப்பின்னல். அதன்பின் 10 செ.மீ. வெறும் நிட்.

ஊசிக்கும் ஊசிக்கும் இடையில் ஏணிபோல இடைவெளி விழுகிறதா? எல்லோரும் முதல் கண்ணியை இழுப்பார்கள். இழுக்க வேண்டியது இரண்டாவது கண்ணியை. அப்போதுதான் முதல் கண்ணியும் சேர்ந்து இறுகும்.

குதிகால்தான் சாக்ஸின் உயிர். பாதிக் கண்ணிகளை, அதாவது 32ஐ, சும்மா விட்டுவிட்டு மீதி 32இல் போய்த் திரும்பி 32 வரிசை பின்னுங்கள். வெளிப்பக்க வரிசையில் ஒன்றைப் பின்னாமல் நழுவவிட்டு அடுத்ததை நிட், கடைசிவரை இப்படியே. உள்பக்க வரிசையில் முதல் கண்ணியை மட்டும் நழுவவிட்டு மீதி பர்ல். நழுவிய கண்ணிகளுக்குப் பின்னால் நூல் ஓடுவதால் துணி இரட்டைத் தடிப்பாகும், உரசலைத் தாங்கும். இரண்டு ஓரத்திலும் சங்கிலிபோல் 16 பெரிய கண்ணிகள் நிற்கும்.

இனி குதிகாலைத் திருப்புவது. வெளிப்பக்கத்தில் 18 நிட், அடுத்த இரண்டையும் இடச்சாய்வாகச் சேர்த்து ஒன்று, இன்னும் 1 நிட், திரும்புங்கள். இடச்சாய்வு என்றால் இரண்டு கண்ணியையும் நிட் போடுவதுபோல் ஒவ்வொன்றாக நழுவவிட்டு, பின்பக்கமாக ஊசி செலுத்திச் சேர்த்துப் பின்னுவது. உள்பக்கத்தில் 1 நழுவல், 5 பர்ல், இரண்டைச் சேர்த்துப் பர்ல், 1 பர்ல், திரும்புங்கள். அடுத்தது 1 நழுவல், 6 நிட், சேர்ப்பு, 1 நிட். அடுத்தது 1 நழுவல், 7 பர்ல், சேர்ப்பு, 1 பர்ல். திரும்பிய இடத்தில் ஒரு சின்ன இடைவெளி கண்ணுக்குத் தெரியும். சேர்ப்பு எப்போதும் அந்த இடைவெளிக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று. இது பிடிபட்டால் எண்ணவே வேண்டாம். கடைசி இரண்டு வரிசையில் சேர்ப்புக்குப் பின் கண்ணி மிஞ்சாது. ஊசியில் 18 நிற்கும். 17ஓ 19ஓ நின்றால் எங்கோ ஒரு சேர்ப்பு தப்பிவிட்டது.

வெளிப்பக்கத்தில் இந்த 18ஐயும் நிட் போட்டு, ஓரச் சங்கிலியிலிருந்து 16 கண்ணி எடுங்கள். மூலையில் கூடுதலாக ஒன்று எடுத்து, அடுத்த சுற்றில் அதை முறுக்கிப் பின்னுங்கள். மூலை ஓட்டைக்கு அதுதான் மருந்து. சும்மா விட்டிருந்த 32ஐயும் பின்னி, மறு ஓரத்திலும் இதேபோல் 17. கூட்டினால் 18 + 17 + 17 + 32 = 84. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, மேல்பாதத்தின் 32ஐத் தொடாமல், அதன் இருபக்கமும் ஒவ்வொன்று குறையுங்கள். பத்து தடவையில் மறுபடி 64.

நீளம் முடிய 5 செ.மீ. இருக்கும்போது விரல் பகுதி. மேலே 32, கீழே 32. ஒவ்வொன்றிலும் 1 நிட், இடச்சாய்வுச் சேர்ப்பு, கடைசி மூன்று வரும்வரை நிட், இரண்டைச் சேர்த்து நிட், 1 நிட். சுற்றுக்கு நான்கு குறையும். இடையில் ஒவ்வொரு சும்மாச் சுற்று விட்டு எட்டு தடவை செய்தால் 32. பிறகு இடைவெளி இல்லாமல் நான்கு சுற்று, 16. மேலே 8, கீழே 8 கண்ணிகளைக் கம்பளி ஊசியால் கிச்னர் முறையில் (மேடு விழாமல் கண்ணியோடு கண்ணி இணைக்கும் தையல்) தைத்து மூடுங்கள். சாதாரணமாக முடித்துக் கட்டினால் அந்த மேடு ஷூவுக்குள் விரலைக் குத்தும்.

முதல் சாக்ஸின் சுற்று எண்ணிக்கையைத் தாளில் எழுதி வைத்து, இரண்டாவதை அன்றே ஏற்றிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து எடுத்தால் கையின் இறுக்கம் மாறியிருக்கும். ஜோடி, ஜோடியாக இருக்காது.

முயல்

முதலில் ஒரு குழப்பம். அமெரிக்க பேட்டர்னில் சிங்கிள் குரோஷா எனப்படும் குட்டைக் கண்ணியைத்தான் பிரிட்டிஷ் பேட்டர்னில் டபுள் குரோஷா என்கிறார்கள். மாற்றிப் படித்தால் கண்ணி உயரமாகிப் பொம்மை சல்லடையாகும். இங்கே எல்லாம் அமெரிக்கக் கணக்கில் சிங்கிள் குரோஷா.

ஊசியைக் கண்ணியில் விட்டபின், நூலை ஊசியின்மேல் சுற்றாமல் ஊசியின் கொக்கியை நூலுக்கு மேலாகக் கொண்டுபோய்க் கவ்வி இழுத்தால், கண்ணி ‘வி’ போல் விரியாமல் எக்ஸ் போல் அடர்த்தியாக விழும். பஞ்சு தெரியாது. எதைப் பின்பற்றினாலும் தலைமுதல் கால்வரை ஒன்றையே பின்பற்றுங்கள்.

தலை: மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகி மூடும் நூல் வளையம்) 6 கண்ணி. அடுத்த சுற்று ஒவ்வொரு கண்ணியிலும் கூட்டு, அதாவது ஒரே கண்ணியில் இரண்டு: 12. பிறகு (1, கூட்டு), அதாவது ஒரு கண்ணியில் ஒன்று, அடுத்ததில் கூட்டு: 18. (2, கூட்டு) 24. (3, கூட்டு) 30. (4, கூட்டு) 36. ஆறு சுற்று அப்படியே 36. பிறகு (4, குறை) 30; குறை என்றால் இரண்டு கண்ணியை ஒன்றாக்குவது. (3, குறை) 24. (2, குறை) 18. அடைப்புக்குள் இருப்பதைச் சுற்று முழுக்க ஆறு முறை செய்ய வேண்டும். சுற்றுகள் முடிச்சில்லாமல் சுருளாகவே ஓடும், எங்கே தொடங்கியது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஒரு ஊக்கு மாட்டி, ஏற ஏற மாற்றிக்கொண்டே வாருங்கள்.

கூட்டுகளை எப்போதும் ஒரே நேர்க்கோட்டில் போட்டால் உருண்டை வராது, அறுகோணம் வரும். ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் கூட்டை நடுவே தள்ளுங்கள்: (2, கூட்டு) என்பதற்குப் பதில் (1, கூட்டு, 1). எண்ணிக்கை மாறாது, மூலை மறையும். குறைக்கும்போது இரண்டு கண்ணியின் முன்னிழையில் மட்டும் ஊசியை விட்டு, அந்த இரண்டு இழை வழியாக நூலை இழுத்து, பிறகு வழக்கம்போல் முடியுங்கள். குறைத்த இடம் தெரியாது. நான்காவது, ஐந்தாவது சுற்றில் நிறுத்திப் பாருங்கள்: கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் சீரான கண்ணிகள் தெரிய வேண்டும். படுத்த கோடுகள் தெரிந்தால் உள்பக்கம் வெளியே வந்திருக்கிறது, புரட்டிவிட்டுத் தொடருங்கள்.

உடல்: 6, 12, 18, 24, 30, ஐந்து சுற்று அப்படியே, (3, குறை) 24, இரண்டு சுற்று அப்படியே, (2, குறை) 18, ஒரு சுற்று. நீள வால் விட்டு நூலை வெட்டுங்கள். தலையும் 18, உடலும் 18. கண்ணிக்குக் கண்ணி வைத்துத் தைத்தால் கழுத்து கோணாது.

காது இரண்டு: 6; (1, கூட்டு) மூன்று முறை 9; (2, கூட்டு) மூன்று முறை 12; ஏழு சுற்று; (2, குறை) மூன்று முறை 9. பஞ்சு வேண்டாம், தட்டையாக மடியுங்கள். கை இரண்டு: 6, 9, பிறகு ஏழு சுற்று, நுனியில் மட்டும் கொஞ்சம் பஞ்சு. கால் இரண்டு: 6, 12, மூன்று சுற்று, (2, குறை) மூன்று முறை 9, மூன்று சுற்று. காதைச் சேர்க்காமல் முயல் 11 செ.மீ. அளவுக்கு வரும்.

பஞ்சை உருட்டித் திணிக்காமல், கிள்ளிக் கிள்ளி, முதலில் ஓரம் பிறகு நடு என்று அடையுங்கள். தைத்து முடிக்க நான்கு கண்ணி இருக்கும்போது கழுத்தில் பென்சிலின் பின்முனையால் இன்னும் குத்தி அடையுங்கள். தலை ஆடும் பொம்மைகளில் எல்லாம் குறை அங்கேதான். காது, கை, கால்களைத் தைக்குமுன் குண்டூசியால் குத்தி, கையை நீட்டித் தள்ளி வைத்துப் பாருங்கள். ஒரு கண்ணி தள்ளினாலும் முகம் மாறிவிடும். தைத்ததும் குண்டூசிகளை எண்ணி எடுங்கள். பொம்மைக்குள் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

கண்ணுக்குப் பின்னால் வாஷரோடு வரும் பிளாஸ்டிக் கண் அழகுதான். ஆனால் மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம். கடித்து இழுத்தால் கண்ணி விரிந்து கழன்று தொண்டைக்குப் போகும். கறுப்பு நூலால் தைத்துவிடுங்கள். தலையின் மேலிருந்து எட்டாம், ஒன்பதாம் சுற்றுக்கு இடையில், ஏழெட்டுக் கண்ணி தள்ளி. கண்கள் கீழே இறங்க இறங்கக் குட்டித்தனம் கூடும். மேலே ஏறினால் முயலுக்கு வயதாகிவிடும். வெள்ளை முயல் என்றால் கறுப்பு நூலின் வாலை உள்ளே நீளமாக விடாதீர்கள், வெளியே நிழலாடும்.

பார்த்தவர்கள் “விலைக்குச் செய்து தருவீர்களா?” என்று கேட்பார்கள். பரிசு வேறு, விற்பனை வேறு. இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞருக்கு விலக்கு உண்டு. விற்கும் எண்ணமிருந்தால் முதலில் பதிவு.

கட்டிக் கொடுக்கும்போது ஒரு சின்னத் தாளில் எழுதி வையுங்கள்: சாக்ஸ் என்றால் குளிர்ந்த நீர், டிரையர் வேண்டாம். முயல் என்றால் கையால் அலசி, பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி, நிழலில் உலர்த்தவும். சிவப்பு, கருநீல நூல் கலந்திருந்தால் கொடுப்பதற்கு முன்பே ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஏறுகிறதா என்று பாருங்கள். சாக்ஸ் பொட்டலத்தில் அதே நூலில் ஐந்து மீட்டர் சுற்றிப் போடுங்கள். குதிகால் தேயும் நாளில் அது தேவைப்படும்.