‘வந்தால்’ என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம். ‘வந்தால்’ என்றாலும் ‘வந்நால்’ என்றாலும் கடைசியில் நிற்பது ஒரே ‘ஆல்’தான். அதனால்தானோ என்னவோ, இங்கிலீஷில் ‘இஃப்’ போடும்போது இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள்.

முதலில், ‘இஃப்’ இருக்கும் பாதியில் ‘வில்’ போடாதீர்கள். ஆழியாற்றில் தண்ணீர் விட்டால் நடவு போடுவோம்: ‘இஃப் தே ரிலீஸ் த வாட்டர், வீ வில் பிளான்ட்.’ ‘வில்’ மற்ற பாதிக்கு மட்டும். நான் ஒருமுறை வீட்டுக்கு வரவிருந்தவருக்கு ‘இஃப் யூ வில் கம்’ என்று மெசேஜ் அனுப்பினேன். ‘தயவுசெய்து வர மனமிருந்தால்’ என்று கெஞ்சுகிற தொனி அதற்கு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது, உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இது நடக்கும் என்று நினைக்கிறேனா, சும்மா கற்பனையா? தமிழ் இதைப் பிரித்துக் காட்டாது. ‘லாட்டரி அடித்தால் வீடு கட்டுவேன்’ என்பது இரண்டுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டினால் கேரள லாட்டரிக் கடை. அங்கே டிக்கெட் வாங்கி, அடிக்கலாம் என்று நம்புகிறவர் ‘இஃப் ஐ வின், ஐ வில் பில்ட் எ ஹவுஸ்’ என்பார். பகல் கனவு காண்கிறவர் ‘இஃப் ஐ வன், ஐ வுட் பில்ட் எ ஹவுஸ்’ என்பார். இரண்டும் சரி. எது உங்களுக்கு என்பது உங்கள் நம்பிக்கையைப் பொறுத்தது.

நாளைய கதைக்கு ‘வன்’ என்று இறந்தகாலம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். ‘அடித்தால்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: ‘அடித்து’ போல அதுவும் இறந்தகால வடிவம்தான். ‘வந்தால்’, ‘செய்தால்’ எல்லாம் அப்படியே. நாமும் காலங்காலமாக இதைத்தானே செய்கிறோம்!

கைநழுவிப் போனதற்குத் தமிழே வழி காட்டும். ‘நேற்று பஸ்ஸைப் பிடித்திருந்தால் கல்யாணத்துக்கு வந்திருப்பேன்.’ ‘திருந்தால்’ காதில் விழுந்தால் ‘ஹேட்’, ‘திருப்பேன்’ விழுந்தால் ‘வுட் ஹேவ்’: ‘இஃப் ஐ ஹேட் காட் த பஸ், ஐ வுட் ஹேவ் கம் டு த வெட்டிங்.’ இரண்டு பக்கமும் ‘வுட் ஹேவ்’ போட்டுவிடாதீர்கள்.

ஒரு பொறி இருக்கிறது. ‘ஊருக்குப் போனால் போன் பண்ணு’ என்று பஸ் ஏறுகிறவரிடம் சொல்கிறோம். போவது உறுதி, அங்கே ‘இஃப்’ அல்ல, ‘வென்’.

அப்புறம் கமா. ‘இஃப்’ முன்னால் வந்தால் நடுவில் போடுங்கள், பின்னால் வந்தால் பொதுவாக வேண்டாம்.